வசனம் இடறும் இடத்தில்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பைபிள் வாசிக்கிறோம். வீடு மதுரை அரசரடிப் பக்கம். கீழே பஸ் சத்தம் ஓயாது என்பதால் கொஞ்சம் உரக்கவே வாசிப்போம். போன மாதம் பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் தன் அம்மாவோடு முதல் தடவையாக வந்தாள். அன்று ஆதியாகமம் நாலாம் அதிகாரம். காயீன் ஆபேலைக் கொன்றான், ஊரைவிட்டுப் போனான், தன் மனைவியை அறிந்தான் என்று வாசித்து முடித்ததும் அவள் கையை உயர்த்தினாள். "ஆதாம், ஏவாள், காயீன், மூன்று பேர்தானே மிச்சம்? அந்த மனைவி எங்கிருந்து வந்தாள்?" அவள் பேசி முடிப்பதற்குள் அவள் அம்மா அவளைத் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன்.

பிறகுதான் தெரிந்தது. எட்டு வயதில் ஞாயிறு பள்ளியில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். "வேதத்தைச் சோதிக்கக் கூடாது" என்று அதட்டி உட்காரவைத்துவிட்டார்கள். அன்றோடு கேட்பதை நிறுத்தினாள். கேட்பதை நிறுத்தியவள் கொஞ்ச நாளில் வாசிப்பதையும் நிறுத்திவிட்டாள். ஒரு குழந்தையின் பத்து வருட வாசிப்பு ஒரு அதட்டலில் போய்விட்டதே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. பைபிளை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்கும், பாதியில் மூடிவைத்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

இடறல் என்று நான் சொல்வது எதை? வாசித்துக்கொண்டே போகிறோம், ஒரு இடத்தில் காலில் கல் தட்டுகிறது. இந்த வரி முந்தைய வரியோடு பொருந்தவில்லை, அல்லது அன்பே உருவானவர் என்று கேட்டு வளர்ந்த கடவுள் இங்கே ஏன் இப்படிப் பேசுகிறார் என்று மனம் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. தட்டியது தெரியாததுபோல வேகமாகக் கடந்துபோவார்கள். அல்லது புத்தகத்தையே தூரப் போட்டுவிடுவார்கள். குனிந்து அந்தக் கல்லைப் பார்ப்பது மூன்றாவது வழி. அதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

கேட்பது விசுவாசக் குறைவு என்று பயப்படுகிறவர்கள் பைபிளுக்குள் யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சோதோமை அழிக்கப்போகிறேன் என்று சொன்னவரிடம் ஆபிரகாம் "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்டு, ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துப் பேர்வரை பேரம் பேசினார். "கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே" என்று முறையிட்டே ஆபகூக் தன் புத்தகத்தைத் தொடங்குகிறார். யாப்போக்கு ஆற்றங்கரையில் யாக்கோபு விடியும்வரை கடவுளோடு மல்லுக்கு நின்றான். தொடைச்சந்து பிசகியும் "நீர் என்னை ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போகவிடேன்" என்று பிடியை விடவில்லை. இஸ்ரவேல் என்ற பெயரே அந்த மல்யுத்தத்தில் கிடைத்ததுதான். நம் மொழியிலும் 'கேள்' என்றால் வினவு என்றும் பொருள், காது கொடு என்றும் பொருள். திருக்குறளில் 'கேள்வி' என்ற அதிகாரம் செவியால் பெறும் அறிவைப் பற்றியது. முப்பது வருடம் தமிழ் கற்பித்தவன் என்பதால் எனக்கு இந்தச் சொல் மேல் தனிப் பிரியம் உண்டு. வசனத்தைக் கேள்வி கேட்பவர் இன்னும் அதற்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இடறியதும் முதலில் பார்க்க வேண்டியது, தட்டியது கல்லா, என் செருப்பின் வார் அறுந்ததா என்பதை. அதாவது, சிக்கல் மூலத்தில் இருக்கிறதா, நம் கையில் இருக்கும் மொழிபெயர்ப்பில் இருக்கிறதா?

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேயத்திலும் புதிய ஏற்பாடு கிரேக்கத்திலும் எழுதப்பட்டவை. தமிழுக்கு அவை வந்த பாதை நீளமானது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவியுடுத்தித் தமிழும் சமஸ்கிருதமும் கற்று, கடவுளைச் 'சருவேசுரன்' என்று எழுதினார். சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714–15இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. சி.எஸ்.ஐ. சபைகளில் இன்று நாம் வாசிக்கும் பழைய திருப்புதல், ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த வேலையின் வழி வந்தது. 1995இல் வெளியான திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இக்காலத் தமிழில் இருக்கிறது. ஒன்றில் ஆதியாகமம், மற்றதில் தொடக்கநூல். ஒன்றில் கர்த்தர், மற்றதில் ஆண்டவர். புதிதாக வருபவர்கள் இரண்டு வெவ்வேறு புத்தகங்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

ஒரு உதாரணம். லூக்கா 14:26இல் இயேசு, தகப்பனையும் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும் 'வெறுக்காவிட்டால்' எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்கிறார். பெற்ற தாயை வெறுக்கச் சொல்கிறாரா? எங்கள் கூட்டத்தில் இந்த வசனத்தில் இடறாதவர் ஒருவரும் இல்லை. இப்போது ஆதியாகமம் 29க்குப் போங்கள். யாக்கோபு லேயாளைவிட ராகேலை அதிகமாக நேசித்தான் என்று முப்பதாம் வசனம் சொல்கிறது. அடுத்த வசனம், எபிரேயத்தில் சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'லேயாள் வெறுக்கப்பட்டாள்' என்கிறது. அதன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள வினைச்சொல்தான் லூக்காவிலும் வருகிறது. ஆனால் நம் பழைய திருப்புதலில் லேயாள் 'அற்பமாய் எண்ணப்பட்டாள்' என்று இருக்கிறது. அந்த மொழி வழக்கில், இரண்டு பேரில் ஒருவரை அடுத்த இடத்தில் வைப்பதும் 'வெறுப்பு' என்ற சொல்லால் சொல்லப்பட்டது. தமிழாக்கியவர்கள் ஆதியாகமத்தில் அதன் கருத்தைத் தந்தார்கள், லூக்காவில் சொல்லை அப்படியே வைத்தார்கள். இதே போதனையை மத்தேயு 10:37 'என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்' என்றே எழுதியிருக்கிறது. வசனத்தின் கடுமை இதனால் போய்விடவில்லை, குடும்பத்தைவிட ஒருவரை முன்னே வைப்பது எளிதா என்ன? ஆனால் தாயை வெறு என்ற பொருள் அங்கே இல்லை.

இன்னொன்று எங்கள் ஊர்க்காரர்களுக்கே உரிய இடறல். சங்கீதம் 126இல் "தெற்கத்தி வெள்ளங்களைத் திருப்புவதுபோல, எங்கள் சிறையிருப்பைத் திருப்பும்" என்று ஒரு வரி. தெற்கத்தி என்றால் மதுரையில் திருநெல்வேலிச் சீமை. ஒரு ஆட்டோ ஓட்டும் தம்பி உண்மையாகவே கேட்டார்: "தாமிரபரணியை எதற்கு ஐயா திருப்ப வேண்டும்?" மூலத்தில் உள்ள பெயர் நெகேவ். யூதேயாவுக்குத் தெற்கே உள்ள வறண்ட நிலம். அங்குள்ள ஆறுகள் வருடத்தில் பெரும்பகுதி வெறும் கல்லும் மணலும்தான். எங்கோ மழை பெய்தால் ஒரே நாளில் வெள்ளம் புரண்டு வரும். இதைச் சொன்னவுடன் அந்தத் தம்பியின் முகம் மாறியது. "நம் வைகைதானே" என்றார். ஆமாம். மணலாகக் கிடந்த ஆற்றில், அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டது என்ற சேதி கேட்டதும் ஏ.வி. பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறோமே, அந்தச் சந்தோஷத்தைத்தான் சிறையிருந்து மீண்ட ஜனங்கள் பாடினார்கள். இந்த வசனத்தைப் பச்சைப்பசேலென்ற ஊரில் பிறந்தவரைவிட நாம் நன்றாகப் புரிந்துகொள்வோம்.

மொழி சரியாக இருந்தும் இடறினால், அடுத்து நான் கேட்பது: இது என்ன வகை எழுத்து? சங்கப் பாட்டை எடுத்தால் முதலில் திணை என்ன என்று பார்க்கிறோம். அகப்பாட்டில் தலைவி, வளை கழன்று விழும்படி மெலிந்தேன் என்றால் யாரும் அளவுநாடா எடுப்பதில்லை. புறப்பாட்டில் குதிரைகளின் எண்ணிக்கையை வைத்து லாயம் கட்டுவதில்லை. பைபிளில் பாட்டு இருக்கிறது, வம்ச அட்டவணை இருக்கிறது, சட்டம், பழமொழி, தரிசனம், உவமை, கடிதம் எல்லாம் இருக்கின்றன. அறுபத்தாறு நூல்கள் (கத்தோலிக்கர் கையில் எழுபத்துமூன்று) ஒரே அட்டைக்குள் தைக்கப்பட்டிருப்பதால் எல்லாம் ஒரே குரலில் பேசுவதாக நினைத்துக்கொள்கிறோம். பவுலின் நிருபங்கள் பலவும் பதில்கள். 'நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து' என்று அவரே கொரிந்தியருக்கு எழுதுகிறார். அவர்கள் எழுதிய கடிதம் நம் கையில் இல்லை. பெண்கள் ஜெபம் பண்ணும்போது, தீர்க்கதரிசனம் சொல்லும்போது என்று பதினோராம் அதிகாரத்தில் எழுதியவர், பதினாலாம் அதிகாரத்தில் பெண்கள் சபையில் பேசாமலிருக்கட்டும் என்கிறார். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துப் பெண்களின் வாயை அடைப்பவர்கள், கடிதத்தின் பாதியைத்தான் வாசித்திருக்கிறார்கள் என்பேன்.

வகை தெரிந்தாலும் தீராத கனமான கேள்வி, கானான் தேசத்தைப் பிடிக்க யோசுவா நடத்திய யுத்தங்கள். சுவாசமுள்ள எதையும் மீதி வைக்கவில்லை என்று யோசுவா 10:40 சொல்கிறது. பக்கத்தைப் புரட்டி நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்துக்கு வந்தால் இந்த ஊரில் கானானியர் குடியிருந்தார்கள், அந்த ஊரில் குடியிருந்தார்கள் என்று பட்டியல் நீள்கிறது. 1 சாமுவேல் 15இல் இஸ்ரவேலின் அரசன் சவுல், சாமுவேல் தீர்க்கதரிசி சொன்னபடி அமலேக்கியரை அழித்தான். முப்பதாம் அதிகாரத்தில் அதே அமலேக்கியர் வந்து சிக்லாகைச் சுட்டெரிக்கிறார்கள். அப்படியானால் முன்னே சொன்னது பொய்யா?

மதுரைக்காரருக்கு இதை விளக்க, அரசனின் வெற்றிகளைக் கல்வெட்டில் புகழ்ந்து பாடும் மெய்க்கீர்த்தி ஒன்று போதும். 1216இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியனின் மெய்க்கீர்த்தி, 'தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி' என்று பாடுகிறது. ஊர்கள் சாம்பலாகின, குளமும் ஆறும் அழகிழந்தன என்று தொடர்கிறது. ஆனால் ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த பெரிய கோயில் இன்றும் தஞ்சையில் நிற்கிறது. பாண்டியன் பொய் சொன்னான் என்று நாம் சொல்வதில்லை, அரசர்களின் வெற்றிமொழி அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துகொண்டு வாசிக்கிறோம். இஸ்ரவேலின் அக்கம்பக்கத்திலும் அதே வழக்கம் இருந்தது. 2 இராஜாக்கள் மூன்றாம் அதிகாரத்தில் வரும் மோவாபிய அரசன் மேசா தானே வெட்டிவைத்த கல்வெட்டு 1868இல் கிடைத்தது, இப்போது பாரிஸில் இருக்கிறது. இஸ்ரவேல் என்றென்றைக்குமாக அழிந்துபோனது என்று அதில் எழுதியிருக்கிறான். அழிந்துபோனதாகச் சொல்லப்பட்ட அந்த ராஜ்யம் அதன்பிறகும் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது.

இது ஒரு பாதியைத்தான் விளக்குகிறது. அமலேக்கியரைக் கொன்றுபோடு என்று சவுலுக்குச் சொல்லும் இடத்தில் 'குழந்தைகளையும்' என்ற சொல் சாமுவேலின் வாயிலிருந்து வரும்போது, வெற்றிமொழி என்று சொல்லி என்னால் கடந்துபோக முடிவதில்லை. இதே புத்தகம் பிற்பாடு சிறுபிள்ளைகளை மடியில் ஏந்தியவரை நமக்குக் காட்டுகிறது. இந்த இரண்டையும் ஒரே பசையால் ஒட்டிக் கொடுக்கும் விளக்கங்களை நான் நம்புவதில்லை. இங்கே நிற்கும்போது எனக்கு ஆபிரகாமின் கேள்விதான் துணை. அவர் அதைக் கடவுளின் முகத்துக்கு நேரே கேட்டார், அதற்காக அவர் அதட்டப்படவில்லை.

இனி, எனக்கு மிகவும் பிடித்த இடறலுக்கு வருகிறேன். மாற்கு பதினோராம் அதிகாரம். இயேசுவுக்குப் பசிக்கிறது. தூரத்தில் இலை விட்ட அத்திமரத்தைப் பார்த்து அருகில் போகிறார். இலைகளைத் தவிர ஒன்றும் இல்லை. "அத்திப்பழக்காலமாயிராதபடியால்" என்று மாற்குவே காரணத்தையும் எழுதிவைக்கிறார். ஆனாலும் அந்த மரம் சபிக்கப்படுகிறது, மறுநாள் வேரோடே பட்டுப்போகிறது. காலமே இல்லாதபோது காய்க்கவில்லை என்று மரத்தைக் கோபிப்பது நியாயமா?

முதலில் மரத்தைப் பார்ப்போம். நம் ஊர் நாட்டு அத்தி வேறு. அதில் காய் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும், வருடத்தில் பல தடவை காய்க்கும், பிட்டால் உள்ளே சின்னப் பூச்சிகள் இருக்கும். பூ வெளியே தெரியாது, அதனால்தான் அரிதாக நடப்பதை அத்தி பூத்தாற்போல என்கிறோம். பைபிளின் மரம் சீமை அத்தி. நாரில் கோத்து வட்டமாக உலர்பழக் கடையில் தொங்குகிறதே, அது. ஒரு தடவை நான் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து மாடிக்குக் கொண்டுபோனேன். நாட்டு அத்தி சிவந்து ஈரமாக இருந்தது, சீமை அத்தி தட்டையாக, மணல்போல நறநறக்கும் விதைகளோடு இருந்தது. கைக்குக் கை மாற்றி எல்லாரும் முகர்ந்து பார்த்தார்கள். பாலஸ்தீனத்தில் சீமை அத்தி குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். யூதர்களின் பஸ்கா பண்டிகை வரும் மார்ச், ஏப்ரல் வாக்கில் இலை துளிர்க்கும், அதை ஒட்டியே சின்ன முதற்காய்களும் தோன்றும். அவை ஜூன் வாக்கில் பழுக்கும். பெரிய அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில். ஆகவே தழைத்து நிற்கும் மரம், கிட்டே வா, என்னிடம் ஏதோ இருக்கிறது என்று கூப்பிடுகிற மரம். போய்ப் பார்த்தால் பிஞ்சுகூட இல்லை.

இத்தோடு நிறுத்தினால் பாதி விளக்கம்தான். மாற்கு கதை சொல்லும் விதத்தைப் பாருங்கள். ஒரு கதையைத் தொடங்குவார், நடுவில் வேறொரு கதையை வைப்பார், பிறகு முதல் கதைக்குத் திரும்புவார். ஐந்தாம் அதிகாரத்தில் யவீருவின் மகள் கதைக்கு நடுவே பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண்ணின் கதை வருகிறது. அந்தச் சிறுமிக்கு வயதும் பன்னிரண்டு. தொடுத்த சரத்தின் நடுவே வேறு பூவை வைத்துக் கட்டுவதுபோல, ஒன்று மற்றதின் நிறத்தைக் காட்ட வேண்டும் என்றே செய்கிறார். அத்திமரத்தைச் சபித்ததற்கும் அது பட்டுப்போனதற்கும் நடுவே என்ன இருக்கிறது? எருசலேம் ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளை இயேசு கவிழ்க்கும் காட்சி. பெரிய கட்டடம், ஓயாத கூட்டம், பலி, காணிக்கை. இலை அடர்ந்த மரம். பழம்? 'கள்ளர் குகை' என்று இயேசு அங்கே சொல்வது எரேமியா ஏழாம் அதிகாரத்துச் சொல். அந்தத் தீர்க்கதரிசியையே தொடர்ந்து வாசித்து எட்டாம் அதிகாரத்துக்குப் போனால், அத்திமரத்தில் பழம் இராது, இலையும் உதிரும் என்று இருக்கிறது. மரத்தின் மேல் எரிச்சல்பட்ட கதை என்று நாம் நினைத்தது, ஆலயத்தைப் பற்றிய தீர்க்கதரிசனச் செய்கையாக மாறி நிற்கிறது. அந்த ஆலயம் கி.பி. 70இல் ரோமரால் இடிக்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் தெரு அக்கா ஒருவர், "இருந்தாலும் அந்த மரம் பாவம் இல்லையா?" என்றார். வாசிக்கும்போது இந்த இரக்கம் இருக்க வேண்டும். மறுப்புச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. வசனத்தின் கூர்மையை மழுங்கச் செய்கிற விடைகள் ஊரெங்கும் உலவுகின்றன. ஐசுவரியவான் பரலோகராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதிலே நுழைவது எளிது என்றார் இயேசு. எருசலேமில் 'ஊசிக்காது' என்று ஒரு சிறு வாசல் இருந்தது, சுமையை இறக்கிவிட்டு முழங்கால் போட்டால் ஒட்டகம் அதில் நுழைந்துவிடும் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். நானே பல வருடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இயேசுவின் காலத்தில் அப்படியொரு வாசல் இருந்ததற்குத் தடயம் எதுவும் இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் அந்தக் கதை தலைகாட்டுகிறது. ஒட்டகம் என்பது கிரேக்கத்தில் ஒரு எழுத்து மாறிய பிழை, அது கயிறுதான் என்பவர்களும் உண்டு. யூதர்களின் பழைய போதனைத் தொகுப்பான தல்மூதில் யானை ஊசிக்காதில் நுழைவது என்றே ஒரு வழக்கு இருக்கிறது. யானையை எந்தக் கயிறாக மாற்றுவது? இது உயர்வு நவிற்சி, நடக்கவே முடியாததைச் சொல்லும் பேச்சு. வசனத்தைத் தொடர்ந்து வாசித்தால் போதும். சீஷர்கள் திகைத்து, அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்பட முடியும் என்கிறார்கள். மனுஷரால் இது கூடாததுதான் என்கிறார் அவர். முழங்கால் போட்டு நுழையக்கூடிய வாசலாக இருந்திருந்தால் அவர்கள் எதற்குத் திகைக்க வேண்டும்?

ஆகவே ஒரு விளக்கம் காதில் விழுந்ததும், அது அடுத்த இரண்டு மூன்று வசனங்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒற்றை வசனத்தைப் பிய்த்து எடுப்பதால் வரும் சங்கடம் நம் சபைகளில் அதிகம். அதிகார எண்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலும், புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551லும் வந்தவை. எழுதியவர்கள் எண் போட்டு எழுதவில்லை. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வசனம் வந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. கடைத்திறப்பு விழா அழைப்பிதழ்களில் அச்சடிக்கிறோம். யோபு 8:7. பேசுவது யார்? கடவுள் பேசவில்லை, யோபுவும் பேசவில்லை. பில்தாத். யோபுவின் சிநேகிதன். அதற்கு மூன்று வசனம் முன்னால், பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலன் கிடைத்தது என்கிற கருத்தில் பேசியவன். யார் யாரிடம் எப்போது சொன்னது என்ற ஒரு கேள்வியை மட்டும் பழகிக்கொண்டால் பாதி இடறல்கள் தெளியும்.

யோபுவைப் பற்றி நான் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களோடு வாசிக்கும் ஒரு நர்ஸ் அம்மா, ரிங் ரோடு விபத்தில் மகனை இழந்தவர். அடக்க ஆராதனை அன்று வந்தவர்கள் எல்லாரும் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சொன்னார்களாம். மூன்று வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஏன் எடுத்தார்?"

அந்த வசனத்தை யோபு தன் இழப்பைப் பற்றித் தானே சொன்னான். வேறு யாரும் அவனிடம் சொல்லவில்லை. நாம் அதை எடுத்து அடுத்தவர் வாயில் வைக்கிறோம். அதுவும் முதல் அதிகாரத்தில் சொன்னது. மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதிலிருந்து புத்தகத்தின் பெரும்பகுதி வழக்கும் முறையீடும்தான். சிநேகிதர்கள் முதலில் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே சரியான காரியம் அது. வாய் திறந்ததும் காரணம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசியில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசும்போதும், முதல் அதிகாரத்தில் பரலோகத்தில் நடந்ததை, யோபுவைச் சோதிக்கச் சாத்தானுக்கு அனுமதி கொடுத்ததை, யோபுவிடம் சொல்லவே இல்லை. ஆனால் நியாயம் பேசிய சிநேகிதரிடம், "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் கண்டிக்கப்பட்டார்கள். சத்தம் போட்டுக் கேட்டவன் கடவுளிடம் நல்ல பேர் வாங்கினான். அந்த அம்மாவிடம் நான் இதை வாசித்துக் காட்டினேன், விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். காபி ஆறிப்போனது.

காயீனின் மனைவியை மறந்துவிடவில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னது இது. ஆதாமுக்கு வேறு குமாரரும் குமாரத்திகளும் பிறந்தார்கள் என்று ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. அவள் சகோதரியாக இருக்க வேண்டும் என்பது பழங்காலந்தொட்டு வரும் விடை. இந்தக் கதையே ஜனங்கள் நிறைந்த உலகத்தை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது என்கிறவர்களும் இருக்கிறார்கள். தன்னைக் கண்டுபிடிக்கிறவன் எவனும் தன்னைக் கொன்றுபோடுவான் என்று காயீன் பயப்படுகிறான், பிறகு ஒரு பட்டணத்தைக் கட்டுகிறான். யாருக்குப் பயம், யாருக்காகப் பட்டணம்? இரண்டு விடைகளையும் சொல்லிவிட்டு, கதை சொல்பவர் இதைப் பற்றிக் கவலையே படவில்லை, அவர் எதைக் கவனித்துப் பார்க்கிறார் என்று பார் என்றேன். அவள் மறுபடி வாசித்தாள். "உன் சகோதரன் எங்கே?" என்ற இடத்தில் நிறுத்தினாள். பிறகு கொலைகாரனையும் யாரும் கொன்றுவிடாதபடி அவன்மேல் போட்ட அடையாளத்தில் நிறுத்தினாள். கடைசியில் தலைநிமிர்ந்து, "காயீனின் காணிக்கையை முதலிலேயே ஏன் ஏற்கவில்லை? கதையில் காரணமே இல்லையே" என்றாள். பத்து வருடத்துக்கு முன் கேட்டதைவிட இது எவ்வளவு ஆழமான கேள்வி! அம்மா இந்தத் தடவை கிள்ளவில்லை.

நீங்கள் தொடங்குவதென்றால் மாற்குவில் தொடங்குங்கள். பதினாறு அதிகாரங்கள்தான், ஒரு நாள் மாலைக்குள் முடித்துவிடலாம். முடிந்தால் பழைய திருப்புதலையும் பொது மொழிபெயர்ப்பையும் அருகருகே விரித்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், பென்சில் போதும். இடறிய இடத்தில் ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போய்க்கொண்டே இருங்கள். விடையைத் தேடி அங்கேயே நின்றுவிட்டால் புத்தகம் முடியாது. முடித்த பிறகு குறிகளை எண்ணிப் பாருங்கள், பின்னால் வந்த அதிகாரமே தீர்த்துவைத்தவை சில இருக்கும், அவற்றை அழித்துவிடலாம். மிஞ்சியதை ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போனபோது, கருத்துத் தெரியுமா என்று பிலிப்பு கேட்டார். "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லி, அவரை ரதத்தில் ஏற்றி உட்காரவைத்துக்கொண்டார் அந்த மந்திரி.

பதினாறாம் அதிகாரம் எட்டாம் வசனம் வந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். மிகப் பழைய இரண்டு முழுக் கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. கல்லறை காலியாக இருக்கிறது. பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். 'அவர்கள் பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்.' யாரிடமும் சொல்லவில்லை என்றால் இந்தக் கதை மாற்குவுக்கு எப்படித் தெரிந்தது? ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.